வீட்டை அண்டிய விலங்கை அகற்றும் செலவு
புனே மாவட்டத்து ஜுன்னர் தரும் பாடம்

வீட்டினுள்ளோ வீட்டுப் புறத்தேயோ காட்டு விலங்கு ஒன்று வந்துவிட்டால், அதனைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம். கூரை இடுக்கில் பாம்பு தென்பட்டாலும், ஆட்டுப் பட்டியில் சிறுத்தை புகுந்தாலும், மக்கள் கேட்பது ஒன்றே: "இங்கிருந்து கொண்டு போங்கள்." இக்கோரிக்கையைக் குறை கூறுவதற்கில்லை. குழந்தை உறங்கும் வீட்டின் வாயிலில் சிறுத்தையின் அடிச்சுவட்டைக் கண்ட தாயிடம் வேறு எதனைப் பேசுவதும் எளிதன்று.

ஆயினும், கொண்டுபோவதற்கு ஆகும் செலவு எவ்வளவு, அச்செலவை ஏற்போர் யாவர் என்னும் இரு வினாக்களைக் களப்பணியாளரும் ஆசிரியரும் நன்கு ஆராய்ந்தறிதல் வேண்டும். கூண்டிற்கும் வண்டிக்கும் ஆகும் பணம் இச்செலவில் ஒரு சிறு பகுதியே. எஞ்சிய பெரும் பகுதி எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. சில வேளைகளில் அது மனித உயிராகவே செலுத்தப்படுகிறது. இவ்வுண்மையை எண்களால் அளந்து காட்டிய இடம் மகாராஷ்டிர மாநிலத்துப் புனே மாவட்டத்தின் வடபகுதியாகிய ஜுன்னர்.

கரும்பும் சிறுத்தையும்

சகியாத்திரி மலைத்தொடரின் கீழ்ச்சரிவை அடுத்து அமைந்தது ஜுன்னர் தாலுகா. சிவாஜி பிறந்த சிவநேரிக் கோட்டை இங்கேதான் உள்ளது. முன்னாளில் மழையை நம்பிக் கம்பும் சோளமும் விளைந்த நிலங்கள் இவை. குகடி நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் ஏட்காவ், மாணிக்டோஹ், டிம்பே முதலிய அணைகள் எழுந்த பின்னர், ஜுன்னர், அம்பேகாவ், சிரூர் ஆகிய தாலுகாக்களில் வாய்க்கால் நீர் பாய்ந்தது, கரும்பு பரவியது.

ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து, ஓராண்டும் அதற்கு மேலும் நிலத்தை மூடி நிற்கும் பயிர் கரும்பு. வெயிலுக்கு நிழலும், அருகே தண்ணீரும், மனிதர் நுழையாத மறைவும் அதனுள் உண்டு. இரை தேடித் தொலைவு செல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஊர்தோறும் நாய்கள், ஆடுகள், கன்றுகள், பன்றிகள் உள்ளன. இவ்வாறு, எவரும் திட்டமிடாமலேயே, சிறுத்தைக்கு உகந்ததொரு குடியிருப்பு வயல் நடுவே அமைந்துவிட்டது. இங்குள்ள சிறுத்தைகளுள் பல கரும்பு வயலிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே குட்டி ஈன்றவை. அவை காட்டிலிருந்து வழி தவறி வந்தவை என்னும் கருத்து பொருந்தாது. ஆதலின் அவற்றைக் "காட்டுக்குத் திருப்பி அனுப்புதல்" என்பது, உண்மையில், அவை ஒருபோதும் கண்டிராத ஓர் இடத்திற்கு நாடு கடத்துவதேயாகும்.

இப்பகுதியில் விவசாயிகள் ஊர் நடுவே கூட்டமாக வாழ்வதினும், தத்தம் நிலத்திலேயே வீடு கட்டி வாழ்வது மிகுதி. இத்தகைய சிறு குடியிருப்புகளை அங்கே 'வஸ்தி' என்பர். வீட்டுச் சுவருக்கும் கரும்புக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும். கரும்பு வெட்டும் பருவத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து வரும் கூலியாட்களோ கதவில்லாக் குடிசைகளில் தங்குகின்றனர். ஆட்டு மந்தையுடன் ஊர் ஊராகச் செல்லும் இடையர்கள் திறந்த வெளியிலேயே உறங்குகின்றனர். ஆபத்து முதலில் அணுகுவது இவர்களையே என்பதை மறத்தலாகாது.

இரண்டு ஆண்டுகள் கற்பித்தது

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், வயல்வெளிகளில் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, அடுத்துள்ள காடுகளில் கொண்டுபோய் விடும் முறை இப்பகுதியில் பெரிய அளவில் மேற்கொள்ளப்பட்டது. நோக்கம் நல்லதே: மக்களுக்கும் இன்னல் இல்லை, விலங்கிற்கும் கேடில்லை என்று கருதப்பட்டது. 2003 வரையில் இவ்வாறு மனிதர் வாழும் பகுதிகளிலிருந்து பிடிக்கப்பட்ட 29 சிறுத்தைகள் சராசரி 40 கிலோமீட்டர் தொலைவில் விடப்பட்டன.

வித்யா ஆத்ரேயா என்னும் உயிரியல் ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் இப்பகுதியின் தாக்குதல் பதிவுகளைத் தொகுத்து ஒப்பிட்டு, 2011-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். 4,275 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஜுன்னர் வனப் பகுதியில், 1993 முதல் 2001 வரை மனிதர் மீது சிறுத்தை பாய்ந்த நிகழ்ச்சிகள் ஆண்டுக்குச் சராசரி 4. சிறுத்தைகளை இடம் பெயர்த்த காலத்தில் இச்சராசரி 17 ஆயிற்று. அஃதாவது நூற்றுக்கு 325 வீதம் உயர்ந்தது. அதனினும் வருந்தத்தக்கது யாதெனில், அத்தாக்குதல்களுள் உயிர் கொன்றவற்றின் விகிதமும் இரு மடங்காயிற்று. சிறுத்தைகளைப் புதிதாகக் கொண்டு விட்ட வேறு இடங்களிலும் இதே போக்கு காணப்பட்டது.

இன்னலைக் குறைப்பதற்கென்று செய்த செயலே இன்னலைப் பெருக்கிற்று என்பது இதன் பொருள். பிடித்த ஊரில் அன்று நிம்மதி பிறந்தது. விட்ட ஊரிலோ, பின்னர்ப் பிடித்த ஊரிலுங்கூட, அதற்கான விலை செலுத்தப்பட்டது.

காரணங்கள்

இவ்வாறு நிகழ்ந்ததேன் என்பதை விளங்கிக்கொள்ளச் சிறுத்தையின் இயல்பை அறிதல் வேண்டும்.

முதலாவதாக, சிறுத்தை தனித்து வாழும் விலங்கு. தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதனைத் தன் மணத்தாலும் கீறல்களாலும் அடையாளமிட்டு வாழ்வது. எந்த வாய்க்காலில் நீர் உண்டு, எந்த வீட்டில் நாய் உண்டு, எவ்வழியில் எந்நேரம் மனிதர் நடமாட்டம் மிகும் என்பனவெல்லாம் அதற்குத் தெரியும். இவ்வறிவே அது மனிதர் கண்ணில் படாமல் வாழ உதவுவது. முன்பின் அறியாத இடத்தில் விடப்பட்டதும் இவ்வறிவு முழுவதும் பயனற்றுப் போகிறது.

இரண்டாவதாக, விட்ட இடத்தில் அது தங்குவதில்லை. அவ்விடத்தில் முன்னரே வேறு சிறுத்தைகள் இருக்கும், அவை விரட்டும். தன் பழைய இடத்தை நாடிச் செல்லும் உந்துதலும் அதற்கு உண்டு. 2009-ஆம் ஆண்டில் அடுத்த மாவட்டமாகிய அகமத்நகரில் டாக்ளி டோகேஷ்வர் என்னும் ஊரில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட முதிய ஆண் சிறுத்தை ஒன்றிற்கு, இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை பொருத்தி, மால்சேஜ் கணவாயில் விட்டனர். 'ஆஜோபா' என, அஃதாவது 'தாத்தா' எனப் பெயர் பெற்ற அது, ஏறத்தாழ ஒரு திங்களுள் 120 கிலோமீட்டர் நடந்து, மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை அடைந்தது. ஊர்களையும் சாலைகளையும் கடந்த அப்பயணத்தில் அது எவரையும் தாக்கவில்லை. எனினும், எல்லாச் சிறுத்தைகளும் அவ்வாறே இருக்கும் என்று எதிர்பார்த்தல் இயலாது.

மூன்றாவதாக, கூண்டில் அடைபட்ட நாட்களின் அதிர்ச்சி. சுற்றி நின்று கூச்சலிடும் கூட்டம், கம்பிகளில் மோதி உடையும் பற்கள், பசி, பயணம் ஆகிய யாவும் அதன் உடலையும் இயல்பையும் கெடுக்கின்றன. சில நாட்கள் மனிதர் கையால் உணவு பெற்றபின் மனிதரிடத்து இயல்பாக இருந்த அச்சமும் குறையக்கூடும்.

நான்காவதாக, காலியான இடம் காலியாகவே இருப்பதில்லை. எல்லை வகுத்து வாழ்ந்த முதிய விலங்கு அகன்றதும், இடந்தேடி அலையும் இளஞ்சிறுத்தைகள் அங்கே வந்து சேர்கின்றன. கரும்பும் நாயும் நீரும் முன்போலவே இருக்க, குடியிருப்போர் மட்டுமே மாறுகின்றனர். ஊரை அறிந்த ஒன்று போய், ஊரை அறியாத இரண்டு வந்ததாகவும் முடியலாம்.

செலவுக் கணக்கு

இனி, ஒரு விலங்கை அகற்றுவதற்கு ஆகும் செலவை வகை பிரித்துக் காண்போம்.

கண்ணுக்குத் தெரியும் செலவு முதலாவது. கூண்டு, அதனுள் கட்டும் ஆடு, காவல் இருக்கும் ஆட்கள், மயக்க மருந்து, கால்நடை மருத்துவர், வண்டி ஆகியன இதில் அடங்கும்.

பராமரிப்புச் செலவு இரண்டாவது. விடுவித்தற்கு இடமில்லாத சிறுத்தைகளை வாழ்நாள் முழுவதும் அடைத்துக் காக்க வேண்டியுள்ளது. இதற்கென ஜுன்னரை அடுத்த மாணிக்டோஹில் சிறுத்தை மீட்பு நிலையம் ஒன்று உள்ளது. ஒரு சிறுத்தைக்கு நாளொன்றுக்கு 3 கிலோ இறைச்சி எனக் கொண்டாலும், ஆண்டிற்கு ஏறக்குறைய 1,100 கிலோ ஆகும். அடைப்பில் அது 15 ஆண்டுகள் வாழுமாயின், ஒரு விலங்கிற்கு மட்டும் 16,000 கிலோவிற்கு மேல் ஆகும். இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே போடச் செய்யலாம்.

மூன்றாவது, பிறர் தலையில் விழும் செலவு. கொண்டு விட்ட இடத்தை அடுத்துள்ள மக்கள் இம்முடிவில் கலந்துகொள்ளாதவர்கள். விலங்கு வந்திருப்பதையே அறியாதவர்கள். அவர்கள் தம் ஆட்டையும், சில வேளை தம் பிள்ளையையும் இழக்கின்றனர்.

நான்காவது, விலங்கு செலுத்தும் விலை. அடிபடுதல், பட்டினி, பிற சிறுத்தைகளுடன் போர், சாலையில் வண்டி மோதி இறத்தல் ஆகியன. தாய் பிடிபட்டால் குட்டிகள் மடிகின்றன.

ஐந்தாவது, நம்பிக்கையின் இழப்பு. கூண்டு வைத்தால் தீர்ந்துவிடும் என்று சொல்லப்பட்ட துன்பம் தீராதபோது, மக்கள் துறையை நம்புவதை விடுகின்றனர். அதன்பின் பட்டியைக் காக்கச் சொன்னாலும், இரவில் விளக்கேந்திச் செல்லச் சொன்னாலும், எவரும் செவிசாய்ப்பதில்லை.

சிறுத்தைக்கு மட்டுமன்று

இப்பாடம் ஜுன்னருக்கோ சிறுத்தைக்கோ மட்டும் உரியதன்று. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் கேரளத்துச் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட 'அரிக்கொம்பன்' என்னும் ஆண் யானை பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு திங்கள் கழிவதற்குள் அது தமிழ்நாட்டின் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியதை நம்மில் பலர் அறிவோம். மீண்டும் ஜூன் மாதத்தில் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஒரே விலங்கிற்கு இருமுறை மயக்க மருந்து, இருமுறை பயணம், இரு மாநில அரசுகளின் செலவு. இலங்கையில் 12 ஆண் யானைகளை இவ்வாறு இடம்பெயர்த்துத் தொடர்ந்து கண்காணித்து, 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே கூறிற்று: சில திரும்பி வந்தன, சில அலைந்து திரிந்தன, சிலவே தங்கின, இன்னல் குறையவில்லை, பரவிற்று.

வீட்டுப் பாம்பின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பைப் பாம்புகளைத் தொலைவில் கொண்டு விட்டு ஆராய்ந்தபோது, பெயர்க்கப்பட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை மாண்டன. தம் இடத்திலேயே வாழ்ந்தவற்றுள் மாண்டவை சிலவே. வீட்டுத் தோட்டத்துச் சாரைப்பாம்பை அகற்றினால் எலி பெருகும். எலி பெருகினால் அதனை நாடி நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் வருதல் கூடும். ஆகவே அகற்ற வேண்டியது பெரும்பாலும் எலியும், சிந்திய தானியமும், சுவரோரத்துக் கல் குவியலுமே. நச்சுப் பாம்பு அறைக்குள் புகுந்துவிட்டால் பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை. அதனைப் பிடித்தபின்னும் அருகிலுள்ள தக்க இடத்தில் விடுவதே நன்று.

மாடிக் கட்டடங்களில் கூடு கட்டும் மலைத்தேனீயும் இவ்வகையே. நஞ்சு தெளித்து அக்கூட்டத்தைக் கொல்வது எளிது. அதனால் சுற்றியுள்ள பயிர்களுக்கு மகரந்தம் கொண்டுசெல்வோர் அழிகின்றனர். மலர்ப்பருவம் மாறியதும் இத்தேனீக்கள் தாமே வேறிடம் பெயரும் இயல்பின என்பதை அறிந்தவர், இயலும் இடத்துப் பொறுத்திருப்பர். 1962 முதல் புனேயிலேயே மத்தியத் தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் உள்ளமையால், அந்நகர மக்கள் இதனைக் கேட்டறிவதற்கு வாய்ப்பும் உண்டு.

அகற்றாமல் காத்தல்

"அப்படியாயின், சிறுத்தையோடு வாழத்தான் வேண்டுமா?" என மக்கள் வினவுவர். இவ்வினாவிற்கு விடை ஜுன்னருக்கு வடக்கே, இன்று அகல்யாநகர் எனப் பெயர் பெற்றுள்ள அகமத்நகர் மாவட்டத்தின் அகோலே பள்ளத்தாக்கில் ஓரளவு கிடைத்தது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் அப்பகுதியில், தானியங்கி நிழற்படக் கருவிகளைக் கொண்டு எண்ணியபோது, 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள் வாழ்வது தெரிந்தது. ஆயினும் ஆய்வுக் காலத்தில் அங்கே மனித உயிர் பலியாகவில்லை. அவற்றின் உணவை ஆராய்ந்தபோது, எடையளவில் நூற்றுக்கு 87 பங்கு வீட்டு விலங்குகளே. நாய் மட்டும் 39 பங்கு. ஆடு 11 பங்கே. நாயினும் ஆடு பன்மடங்கு மிகுதியாக இருந்தும் அதன் பங்கு குறைவு. இரவில் அடைத்துக் காக்கப்பட்ட ஆடு தப்பியது; கட்டின்றித் திரிந்த நாய் இரையாயிற்று என்பதே இதனால் பெறப்படும் கருத்து.

இவ்வாய்வுகளை அடியொற்றி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தொலைதூரத்திற்குப் பெயர்ப்பதைத் தவிர்க்கவும், பிடிக்க நேர்ந்த விலங்கைப் பிடித்த இடத்திற்கு அருகிலேயே விடவும் அறிவுறுத்தின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சிறுத்தையைப் பிடிப்பதற்கு மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஆணையும் வேண்டும்.

கரும்பு வெட்டும்போது குட்டிகள் கண்டெடுக்கப்படுவது ஜுன்னரில் ஆண்டுதோறும் நிகழ்வது. முன்னர் அவற்றை எடுத்துச் சென்று அடைத்து வளர்த்தனர். தாயோ குட்டியைத் தேடி வெகுண்டு வயலைச் சுற்றி வந்தது. இப்போது வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் குட்டியைச் சோதித்து, அந்திப் பொழுதில் ஒரு பெட்டியில் வைத்து, எடுத்த இடத்திலேயே விட்டு விலகி நிற்கின்றனர். இரவில் தாய் வந்து குட்டியைக் கவ்விச் செல்கிறது. செலவு ஓர் இரவின் காவல் மட்டுமே.

எல்லை உணர்தல்

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. மனிதரையே குறிவைத்துக் கொல்லும் விலங்கை அகற்றத்தான் வேண்டும். அதில் காலம் தாழ்த்துதல் கூடாது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிரூர் தாலுகாவின் பிம்பர்கேட் ஊரில் அடுத்தடுத்து உயிர்கள் பலியானபோது, மக்கள் சாலையை மறித்து நின்றனர். பிள்ளையைப் பறிகொடுத்தோரின் சினம் அது. அவர்க்குப் புள்ளிவிவரம் ஆறுதலாகாது. ஆனால், கொன்ற விலங்கைத் தேர்ந்து அகற்றுவதும், கண்ட விலங்கையெல்லாம் பிடித்து வேறோர் ஊரின் வாயிலில் விடுவதும் ஒன்றல்ல. முன்னது காவல், பின்னது ஒருவர் கடனை மற்றொருவர் பெயரில் எழுதுதல்.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

ஊரில் விலங்கு தென்பட்டதும் கூண்டு வைக்கும் முன்பு, அது யாரையேனும் தாக்கிற்றா, கண்ணில் பட்டது மட்டுமா என்பதை உறுதி செய்க. பட்டியின் கூரையும் கதவும் உறுதியானவையா எனப் பார்வையிடுக. கால்நடை இழந்தோர்க்கு இழப்பீடு விரைவில் கிடைக்க மனு எழுதித் தருக; இழப்பீடு தாமதித்தால் சினம் நஞ்சாக மாறி, இறந்த ஆட்டின் உடலில் தடவப்படும். திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பத் தூண்டுக. இறைச்சிக் கழிவையும் குப்பையையும் வீட்டருகே கொட்டாதிருக்கச் செய்க. நாய் குறைந்தால் சிறுத்தையும் குறையும். கரும்பு வெட்டுவோர் தங்கும் குடிசைகளுக்கு விளக்கும் தடுப்பும் கிடைக்கின்றனவா என நோக்குக. இரவில் மட்டும் மின்சாரம் வந்தால் விவசாயி இரவில்தான் நீர் பாய்ச்சுவார். எனவே பகலில் மின்சாரம் கோருவதும் சிறுத்தைத் தடுப்பே. கூட்டம் கூடிய இடத்தில் முதல் வேலை விலங்கைப் பிடிப்பதன்று. மக்களை விலக்கி, அது தப்பிச் செல்ல வழி விடுவதே. மகாராஷ்டிரத்தில் வனத்துறையின் 1926 என்னும் தொலைபேசி எண்ணைச் சுவர்களில் எழுதி வைக்கலாம்.

பள்ளியில், சிறுவர் அந்தி சாய்ந்தபின் தனியே செல்லாமை, குனிந்தும் உட்கார்ந்தும் இராமல் நிமிர்ந்து நிற்றல், கூட்டமாகப் பேசிக்கொண்டு நடத்தல் ஆகியவற்றைப் பாடத்தோடு பாடமாகப் பயிற்றுக. ஊரின் வரைபடத்தை மாணவர் வரைந்து, நீரும் கரும்பும் குப்பைமேடும் விளக்கில்லாப் பாதையும் எங்கெங்கு உள்ளன எனக் குறிக்கட்டும். விலங்கு ஏன் அங்கே வருகிறது என்பதற்கான விடையில் பாதி அவ்வரைபடத்திலேயே கிடைத்துவிடும்.

கூண்டு வைப்பது ஒரு நாள் வேலை. பட்டிக்குக் கதவு போடுவது பல நாள் வேலை. முன்னதற்கு ஊரார் கைதட்டுவர்; பின்னதை எவரும் காணார். ஆயினும், அடுத்த வீட்டிலோ அடுத்த ஊரிலோ உள்ள குழந்தையையும் நம் குழந்தையாக எண்ணிக் கணக்கிட்டால், எது குறைந்த செலவு என்பதில் ஐயமிராது.